மிஸ்டர் ஃபேன்ஷா கார்லைலுக்குப் போன கதை

என் தம்பி டெஸ்மண்ட் பெரிய தந்திரக்காரன் என்று லண்டன் டெம்பிள் வட்டாரத்துப் பாரிஸ்டர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அவனுடைய பணி ஓய்வு விருந்தில் நான்கு பேர் எழுந்து அந்தக் கார்லைல் கதையைச் சொல்லியே அவனைப் பாராட்டினார்கள். அவர்களில் ஒருவர் நீதிபதி. நான் மூன்றாவது மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு பேரும் தேதியைத் தப்பாகச் சொன்னார்கள். இரண்டு பேர் ஊரையே மாற்றிவிட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பாதி அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது. மீதியை அவனோடு வேலை பார்த்த பாரிஸ்டர் மிஸ் கெட்டில்பியிடம் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

எங்கள் வீடு பெர்மண்ட்சியில். டெஸ்மண்ட் என்னைவிட ஏழு வயது இளையவன். நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனேன். உடைந்ததையும் கருகியதையும் பார்த்துப் பொறுக்கும் மேசையில் இருபத்தாறு வருஷம் வேலை. டெஸ்மண்ட் பதினாறில் பள்ளியை விட்டான். ஆற்றைத் தாண்டிப் போய், மல்பெரி கோர்ட் என்ற முற்றத்தில் மூன்றாம் எண்ணில் இருந்த பாரிஸ்டர்கள் சேம்பரில் கடைசிக் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். முதல் நாளே அவன் பெயர் போயிற்று. அங்கே ஏற்கெனவே டெஸ்மண்ட் என்று ஒரு பாரிஸ்டர் இருந்தார். பாரிஸ்டருக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரே பெயர் இருப்பது அங்கே வழக்கமில்லை. "இன்னையிலேருந்து நீ ரால்ஃப்" என்றார் தலைமைக் குமாஸ்தா மிஸ்டர் பன்ஸ். எங்கள் அம்மா பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்பதாகக் கிளம்பினாள். இரண்டு வருஷத்தில் அந்த பாரிஸ்டர் செத்துப்போனார். பெயர் திரும்பி வரவில்லை. அங்கே அவன் கடைசிவரை ரால்ஃப்தான்.

அந்த சேம்பரில் பதினெட்டு பாரிஸ்டர்கள். யாருக்கும் யாரும் முதலாளி இல்லை, யாரும் யாருக்கும் கூட்டாளியும் இல்லை. ஒரே மாடிப்படி, ஒரே கெட்டில், ஒரே குமாஸ்தா அறை. கட்சிக்காரர்களை நேரில் பார்க்கிற வக்கீல்கள், அதாவது வெளியூர், உள்ளூர் சொலிசிட்டர்கள், கேஸ் கட்டுகளை இளஞ்சிவப்பு நாடாவில் கட்டி அந்த அறைக்கு அனுப்புவார்கள். எந்தக் கட்டு எந்த பாரிஸ்டரிடம் போகவேண்டும் என்று முடிவு செய்கிறவன் குமாஸ்தா. அதாவது, பதினெட்டு பேருடைய சோறும் அவன் கையில். ஆனால் அவன் அவர்களை "சார்" என்று கூப்பிடவேண்டும், அவர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவும் தாங்களே வைத்த பெயரை.

டெஸ்மண்ட் இருபத்தி இரண்டு வருஷம் மிஸ்டர் பன்ஸுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூலை கடைசியோடு பன்ஸ் ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த நாற்காலி டெஸ்மண்டுக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சேம்பர் தலைவர் மிஸ்டர் ஃபேன்ஷா மட்டும் வேறு மாதிரி நினைத்தார். அவருடைய கிளப் நண்பர் ஒருவரின் மருமகன், காஸ்கின் என்பவன், ஷாம்பு கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். "காலம் மாறிப்போச்சு ரால்ஃப், இனிமே குமாஸ்தா போதாது, மேனேஜர் வேணும்" என்று ஃபேன்ஷா சொல்லியிருக்கிறார். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஜூலை நான்காம் தேதி, வியாழக்கிழமை, நாலரை மணித் தேநீர் நேரத்தில் பாரிஸ்டர்கள் கூட்டம் என்று முடிவானது. கைதூக்கி வாக்களிப்பது. ஃபேன்ஷா தலைவராக இருந்த பதினோரு வருஷத்தில் அவருக்கு எதிராக ஒரு கைகூட உயர்ந்ததில்லை.

"அப்ப முடிஞ்சு போச்சு" என்றான் டெஸ்மண்ட். "நாப்பது வயசுக்கு அப்புறம் ஷாம்புகாரனுக்கு டீ போட்டுக் குடுக்கணும்."

"டீயே போட வராது உனக்கு" என்றேன்.

பாரிஸ்டர்கள் விளம்பரம் செய்துகொள்ளலாம் என்று அவர்களுடைய விதி மாறி அப்போது ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதுவரை பெயர்ப்பலகைக்குக்கூட எழுத்து இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று கணக்கு. இப்போது அக்கம்பக்கத்து சேம்பர்கள் எல்லாம் வழவழப்பான தாளில் கையேடு அடித்து சொலிசிட்டர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார் ஃபேன்ஷா. எந்தெந்தத் துறையில் யார் யார் பலம் என்று அதில் இருக்கவேண்டும். எழுதும் வேலை டெஸ்மண்டிடம் வந்தது. சரியாக வந்தால் பெருமை ஃபேன்ஷாவுக்கு, சொதப்பினால் ஷாம்புகாரன் ஏன் தேவை என்பதற்கு அத்தாட்சி.

அச்சகத்தில் நான்கின் மடங்கில்தான் பக்கம் அடிப்பார்கள். டெஸ்மண்டிடம் பன்னிரண்டு பக்கத்துக்கு விஷயம் இருந்தது. அடுத்த படிக்கட்டில் இருந்த சேம்பர் பதினாறு பக்கம் அடித்துவிட்டது. எனவே இவர்களுக்கும் பதினாறு. அந்த நான்கு பக்கத்தை நிரப்பத்தான் பலம் தேவைப்பட்டது. அவன் ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைத் தட்டி, "சார், உங்க பலம் எதுல?" என்று கேட்டான். ஐந்துக்குக் குறைவாக யாரும் சொல்லவில்லை. விவாகரத்து வழக்கு மட்டுமே பார்த்துவந்த மிஸ்டர் பிம், "விமானப் போக்குவரத்து"ம் சேர்த்துக்கொள் என்றார். ஒரு விமானியின் மனைவிக்கு அவர் விவாகரத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அந்த ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டெஸ்மண்ட் கையெழுத்துப் பிரதியை என் மேசையில் வைத்தான். ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிக்கோலை வைத்துப் படித்தேன். பதினெட்டு பாரிஸ்டர்கள் என்று முதல் பக்கத்தில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது வந்தார்கள். ஒருவர் வரிச் சட்டத்திலும் குதிரைப் பந்தயத்திலும் தனித்தனி ஆளாக வந்திருந்தார். திருத்தினேன். மூன்று எழுத்துப் பிழை. ஒரு பக்கத்தில் "எல்லாத் துறையிலும் தனிச்சிறப்பு" என்று இருந்தது.

"எல்லாத்துலயும் தனிச்சிறப்புன்னா அது எப்படிடா தனி?"

"அதெல்லாம் கேக்காத ஐவி. எழுத்துப் பிழை மட்டும் பாரு."

"சரி, இதுல எது நெசம்?"

டெஸ்மண்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "நெசம் வேணுமா? மிஸ்டர் பிம் இருக்காரே, எதிர்க்கட்சிப் பொம்பள அழுதா இவரும் சேந்து அழுதுருவாரு. ஜட்ஜுக்கு ஒரே சங்கடமாயிரும். வெளிய போய்ப் பேசி முடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிருவாரு. ஒம்பது வருஷமா அவரோட கேஸ் ஒண்ணுகூட முழு விசாரணைக்குப் போனதில்ல. அது பலம். வரி பாக்குறவரு பேச ஆரம்பிச்சா அரைமணி நேரத்துல வரி ஆபீஸ்காரனுக்கே என்ன கேட்டோம்னு மறந்துபோயிரும். அதுவும் பலம். மிஸ் கெட்டில்பி கிரிமினல் கேஸ்ல போலீஸ்காரன் நோட்டுப் புத்தகத்த எதிர்ப்பக்கம் உக்காந்து தலைகீழாவே படிச்சிருவாங்க. இதையெல்லாம் கையேட்டுல போட முடியுமா?"

"ஃபேன்ஷா?"

"வேலி" என்றான் டெஸ்மண்ட். குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்குற வேலியப் பத்தி அவரு மூணு நாள் பேசுவாரு, ஒருத்தருக்கும் அலுக்காது. முள்வேலி, செடிவேலி, போன வருஷம் விழுந்த வேலி, நூறு வருஷத்துக்கு முன்னால இருந்ததாச் சொல்ற வேலி. பழைய வரைபடத்த விரிச்சு வச்சு ஒரு கோட்டுல விரலை வச்சாருன்னா அவ்வளவுதான். இங்கிலாந்துலயே அவர மாதிரி வேலிக்கு ஆள் கெடையாது. ஆனா அவருக்கு அதுல வெக்கம்."

"வெக்கமா?"

"கிளப்ல எல்லாரும் பேங்கு, எண்ணெய்க் கம்பெனின்னு பேசிட்டிருக்கறப்ப, நான் வேலின்னு எப்படிச் சொல்றதுன்னு கேக்குறாரு."

பிரதியில் ஃபேன்ஷாவின் பெயருக்கு நேரே டெஸ்மண்ட், "நிலம், வீடு, எல்லைத் தகராறு" என்று எழுதியிருந்தான். அதன் மேல் பச்சை மையில் ஒரு கோடு. பக்கத்தில் ஃபேன்ஷாவின் சொந்தக் கையெழுத்தில்: "கப்பல், கடல், மீன்பிடித் தொழில். நாடெங்கும்." டெஸ்மண்ட் அதைப் பற்றி அவரிடமே கேட்டிருக்கிறான்.

"சார், நீங்க கப்பல் கேஸ் பாத்திருக்கீங்களா?"

"அறுபத்தி நாலுல பாத்தேனே. லிமிங்டன்ல ஒரு உல்லாசப் படகு. கட்டி வச்ச இடத்துக்கு வாடகைத் தகராறு."

"படகு ஓடிட்டிருந்துச்சா சார்?"

"கட்டித்தான் இருந்தது. ஆனா தண்ணியில ரால்ஃப், தண்ணியில."

நான் அந்த வரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. விட்டுவிட்டேன்.

கையேடு மே மாதம் அச்சாகி, எழுநூறு சொலிசிட்டர்களுக்குத் தபாலில் போனது. ஃபேன்ஷா ஐம்பது பிரதிகளை கிளப்புக்கு எடுத்துப் போனார். ஜூன் இரண்டாம் வாரம் குமாஸ்தா அறைக்கு ஒரு தொலைபேசி வந்தது. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் மேரிபோர்ட் என்ற கடலோர ஊரிலிருந்து மிஸஸ் டாலன்டைர் என்ற சொலிசிட்டர் பேசினார். ஜாஸ் பெல் என்ற இறால் மீனவர் அவருடைய கட்சிக்காரர். துறைமுகத்தில் தூர்வாரும் கம்பெனி, அள்ளிய சேற்றையெல்லாம் கொண்டுபோய் இறால் மேயும் இடத்தில் கொட்டிவிட்டது. வலைபோட்டால் சேறுதான் வருகிறதாம். பக்கத்துப் பெரிய ஊரான கார்லைலின் கோர்ட்டில் விசாரணை. ஜூலை நான்காம் தேதி.

"கப்பல் கேஸ் பாக்குறவங்க ஏழு பேரைக் கேட்டுட்டேன்" என்றார் மிஸஸ் டாலன்டைர். "மூணு பேர கம்பெனிக்காரன் முன்னாலயே புடிச்சு வச்சுட்டான். நாலு பேருக்கு அன்னைக்கு வேற கேஸ். அப்பத்தான் உங்க புத்தகம் வந்துச்சு. மிஸ்டர் ஃபேன்ஷா. கப்பல், கடல், மீன்பிடித் தொழில். எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு."

"மேடம், மிஸ்டர் ஃபேன்ஷாவோட முக்கியமான அனுபவம்…" என்று டெஸ்மண்ட் இழுத்தான்.

"பதினோராம் பக்கம். படிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் மேடம். எழுதினவனே நான்தான்."

"அவருக்கு அன்னைக்கு வேற கேஸ் இருக்கா? இல்லாமயே முடியாதுன்னா பாரிஸ்டர் சங்கத்துக்கு எழுதுவேன்."

டெஸ்மண்ட் டைரியைப் பார்த்தான். ஜூலை நான்கு ஃபேன்ஷாவின் பத்தியில் காலியாக இருந்தது. காலியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அந்த வாரம் அவர் ஹென்லி படகுப் போட்டிக்குப் போவார். கோடுபோட்ட கோட்டும் வைக்கோல் தொப்பியுமாக, பந்தயத்தில் துடுப்புப் போடுகிறவர்களைவிட அதிகமாக வேர்த்துக் கொட்டி, மதியம் சேம்பருக்குத் திரும்புவார்.

"இல்ல மேடம்" என்றான் டெஸ்மண்ட்.

அந்த ஞாயிறு அவன் இதைச் சொன்னபோது என் கணவர் ஆல்ஃபியும் மேசையில் இருந்தார். அவர் லண்டனில் முப்பது வருஷம் கறுப்பு டாக்சி ஓட்டியவர். பாரிஸ்டர்களுக்கு ஒரு விதி உண்டு என்று டெஸ்மண்ட் விளக்கினான். தனக்கு இந்தத் துறை தெரியும் என்று ஒருவர் வெளியே சொல்லிக்கொண்டால், அந்தத் துறையில் வருகிற முதல் கட்சிக்காரனை அவர் ஏற்றே ஆகவேண்டும். ஆள் பிடிக்கவில்லை, ஊர் தூரம் என்றெல்லாம் சொல்லக் கூடாது. டாக்சி வரிசை விதி என்று அதற்கே பெயர்.

"நம்ம விதியச் சுட்டுட்டீங்களாடா?" ஆல்ஃபிக்கு ஒரே சந்தோஷம். "வண்டி காலின்னு விளக்கப் போட்டுட்டு நின்னா ஏத்தித்தான் ஆகணும். உங்காளு கப்பல் விளக்கப் போட்டுட்டு நின்னுருக்காரு. இப்ப ஒரு அம்மா கதவத் திறந்து உள்ள உக்காந்து மேரிபோர்ட்டுன்னு சொல்றாங்க. ஓட்டித்தான் ஆகணும், வேற வழி?"

"அவரு வேற வழி சொல்லுவாரு" என்றான் டெஸ்மண்ட்.

திங்கட்கிழமை சொன்னார். டெஸ்மண்ட் கேஸ் கட்டை அவர் மேசையில் வைத்ததும், ஃபேன்ஷா நாடாவைத் தொடாமல் இரண்டு விரலால் கட்டைத் தள்ளினார்.

"கார்லைல்? ஹென்லி வாரத்துலயா? முடியாது. எனக்கு வேற கேஸ் இருக்குன்னு சொல்லிடு."

"டைரில இல்லியே சார்."

"அப்ப எழுது. ஏதாவது ஒரு கோர்ட்டு, ஏதாவது ஒரு பேரு."

மூன்று வாரத்தில் வாக்கெடுப்பு. எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அதை முடிவு செய்யப்போகிறவர். ஒரு வரி எழுதிவிட்டால் அவர் மனம் கொஞ்சம் இளகலாம். ஆனால் டெஸ்மண்டின் டைரியை எனக்குத் தெரியும். தப்பாக எழுதிய தேதியைக்கூட அவன் அழிக்கமாட்டான், ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைப்பான். எங்கள் வீட்டு ரத்தம் அப்படி.

"சார், அந்த டைரிய நம்பித்தான் பதினெட்டு பேரு காலையில வீட்டைவிட்டுக் கிளம்புறாங்க. அதுல என் கையால இல்லாத கேஸ எழுத மாட்டேன். நீங்களே எழுதறதா இருந்தா பென்சில் தர்றேன்."

"என்ன மிரட்டுறியா?"

"இல்ல சார். பென்சில்தான் தர்றேன்."

ஃபேன்ஷா பென்சிலைப் பார்த்தார். தன் கையெழுத்தில் ஒரு பொய் அந்த டைரியில் நிரந்தரமாக இருப்பதை யோசித்திருப்பார். "கெட்டில்பிய அனுப்பேன்" என்றார்.

"அந்தம்மா உங்க பேரத்தான் கேக்குறாங்க சார். புத்தகத்த மேசையிலயே வச்சிருக்காங்க. இல்லேன்னு சொன்னா சங்கத்துக்கு எழுதுவாங்களாம். பதினோராம் பக்கத்தையும் சேத்து."

"எனக்குக் கடல் பத்தி ஒண்ணும் தெரியாது ரால்ஃப்" என்றார் ஃபேன்ஷா. அந்த சேம்பரில் அந்த வருஷம் ஒருவர் தன் பலத்தைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அதுதான்.

டெஸ்மண்ட் அந்தக் கட்டைப் பேருந்தில் வரும்போதே படித்துவிட்டிருந்தான். நாடாவை அவிழ்த்து, உள்ளேயிருந்த கடல் வரைபடத்தை விரித்தான். சேறு கொட்ட அனுமதித்த பகுதி ஒரு பக்கம், இறால் பிடிக்க உரிமையுள்ள பகுதி மறுபக்கம். நடுவே ஒரு கோடு. கோடு எங்கே போகிறது என்பதில் இரண்டு பழைய வரைபடங்களுக்கும் ஒரு புதிய வரைபடத்துக்கும் ஒத்துப்போகவில்லை. கம்பெனி புதியதைக் காட்டுகிறது, மீனவர் பழையதைக் காட்டுகிறார்.

"சார், இது வேலி" என்றான் டெஸ்மண்ட். "தண்ணிக்கு நடுவுல ஒரு வேலி. அது எங்க இருக்குன்னுதான் கேஸே."

ஃபேன்ஷா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரல் கோட்டுக்குப் போனது. "இத யாரு வரைஞ்சது? இங்க பாரு, அந்தப் பாறைய அளவுக்குறியா எடுத்திருக்கான் மடையன். பாறை நகராது, சரி. ஆனா எந்தப் பாறை?" என்று தனக்குத்தானே பேசத் தொடங்கினார். டெஸ்மண்ட் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

அடுத்து அவன் செய்ததைத்தான் எல்லோரும் தந்திரம் என்கிறார்கள். அதனால் தேதியோடு சொல்கிறேன். ஜூன் இருபத்தி நான்கு, திங்கட்கிழமை. டெஸ்மண்ட் மறுபடி ஃபேன்ஷாவின் அறைக்குப் போனான்.

"சார், நாலாம் தேதி நீங்க கார்லைல்ல இருப்பீங்க. கூட்டமும் அன்னைக்குத்தான். தள்ளி வச்சிரலாமா?"

"எதுக்கு? தள்ளி வச்சா லீவு முடிஞ்சு அக்டோபர்லதான் கூட முடியும். அதுக்குள்ள பன்ஸ் போயிடுவான். எல்லார்கிட்டயும் பேசியாச்சு, முடிஞ்ச விஷயம்." பிறகு, அவர் கெட்டவர் இல்லை, கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டார்: "உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல ரால்ஃப்."

"தெரியும் சார்."

டெஸ்மண்டுக்கு அதுவும் போதவில்லை. அன்று பிற்பகலே ஒரு சீட்டுத் தட்டச்சு செய்து மற்ற பதினேழு பேருடைய தபால் தட்டிலும் போட்டான். நகல் என்னிடம் இருக்கிறது. "மிஸ்டர் ஃபேன்ஷா ஜூலை 4 அன்று கார்லைலில் இருப்பார். கூட்டத்தை ஒத்திவைக்க விரும்புபவர்கள் தெரிவிக்கவும். ரால்ஃப்." அவ்வளவுதான். எழுத்துப் பிழை இல்லை.

மாலையில் மிஸ் கெட்டில்பி குமாஸ்தா அறைக்குள் எட்டிப்பார்த்தார். நாற்பது வயது, கையில் எப்போதும் ஒரு ஆப்பிள்.

"ரால்ஃப், இந்தச் சீட்டு பிரமாதம்."

"எது மிஸ்?"

"நாசூக்கா தெரியப்படுத்துனீங்க பாருங்க. ஆளு ஊர்ல இல்லன்னு."

"ஒத்திவைக்கணுமான்னு கேட்டிருக்கேன் மிஸ்."

"ஆமா ஆமா, கேட்டிருக்கீங்க." அவர் ஆப்பிளை ஒரு கடி கடித்தார். "ஃபேன்ஷாவ, ஹென்லி வாரத்துல, வாக்கெடுப்பு அன்னைக்கு, முந்நூறு மைல் தள்ளி அனுப்புறது. அவரோட பச்ச மைய வச்சே! எப்ப யோசிச்சீங்க, ஏப்ரல்லயேவா?"

"யோசிக்கவே இல்ல மிஸ். விதி அப்படி. அந்தம்மா கூப்புட்டாங்க, டைரி காலியா இருந்துச்சு."

மிஸ் கெட்டில்பி சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒத்திவைக்கும்படி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதினேழு பேரும் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ஃபேன்ஷா புதன்கிழமை மதிய ரயிலில் கிளம்பினார். அங்கியும் விக்கும் உள்ள பை ஒரு கையில், சுருட்டிய வரைபடங்கள் மறு கையில். யூஸ்டன் நிலையத்துக்கு டெஸ்மண்டே கூடப் போய் ஏற்றிவிட்டான். இதையும் பின்னால் தந்திரத்தில் சேர்த்துவிட்டார்கள். ரயில் கிளம்பியதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் போனானாம்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு, பெரிய அறையில் காஸ்கினுக்குப் பத்து நிமிடம், டெஸ்மண்டுக்குப் பத்து நிமிடம். காஸ்கின் சுவரில் படம் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். ஒரு குப்பி ஷாம்புவை மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று விளக்கினான். மூடி முக்கியமாம். பாரிஸ்டர்களுக்கும் ஒரு மூடி தேவை என்றான். அவன் நல்ல பையன்தான் என்றார் மிஸ் கெட்டில்பி. ஆனால் அவன் பேச்சின் நடுவில் மூன்று தடவை வாசலைப் பார்த்தான். ஃபேன்ஷா ஏன் இன்னும் வரவில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு டெஸ்மண்ட் உள்ளே போனான். நான் தேய்த்துக் கொடுத்த சட்டை. எழுதிக்கொண்டு போனதை மறந்துவிட்டு, நின்றபடியே பேசினான்.

"மிஸ்டர் ஃபேன்ஷா இல்லாம இந்தக் கூட்டம் நடக்குறது எனக்குச் சங்கடமா இருக்கு. அவர நான் வேணும்னு அனுப்புனதா ஒரு பேச்சு அடிபடுது. அப்படி இல்ல. கேஸ் வந்தது. அவரு பேரு புத்தகத்துல இருந்தது. டைரி காலியா இருந்தது. அவ்வளவுதான். நான் இருபத்தி ரெண்டு வருஷமா டைரிய ஒழுங்கா எழுதியிருக்கேன். அதுக்காக எனக்கு ஓட்டுப் போட்டீங்கன்னா சந்தோஷம். வேற எதுக்காகவும் வேண்டாம்."

வரி வழக்குப் பார்க்கிறவர் மேசையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மிஸ்டர் பிம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் பேசியதிலேயே அதுதான் உச்சம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லையாம்.

அவன் வெளியே போனதும் மிஸ் கெட்டில்பி எழுந்து சொன்னதை அவரே எனக்கு எழுதிக்கொடுத்தார்: "ஃபேன்ஷாவையே கார்லைலுக்கு அனுப்ப முடியுதுன்னா, இந்த ஆளால நம்மள்ல யார வேணும்னாலும் எங்க வேணும்னாலும் அனுப்ப முடியும். எந்த ஜட்ஜு, எந்த சொலிசிட்டர் கிட்டயும் நமக்குக் காரியம் சாதிச்சுத் தர முடியும். இப்படிப்பட்ட ஆள் நம்ம பக்கம் இருக்கணும். பக்கத்துப் படிக்கட்டுக்குப் போயிடக் கூடாது." பதினேழு கைகளில் பதினான்கு டெஸ்மண்டுக்காக உயர்ந்தன. இருபத்தி இரண்டு வருஷத்து நேர்மைக்கு ஒரு வாக்குகூட விழுந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தேகாலுக்கு கார்லைலிலிருந்து தொலைபேசி வந்தது. டெஸ்மண்டே எடுத்தான்.

"ரால்ஃப்! ஜெயிச்சாச்சு! பாறை ரெண்டு இருக்கு, ரெண்டுக்கும் ஒரே பேரு. கம்பெனிக்காரன் தப்பான பாறையப் புடிச்சிருக்கான். ரெண்டு மணி நேரம் பேசினேன், ஜட்ஜு சாப்பாட்டுக்கே எந்திரிக்கல. அந்த மீன்காரன் ஒரு டப்பா இறால் குடுத்தான், வெண்ணெய் போட்டது." பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. "கூட்டம் என்ன ஆச்சு?"

டெஸ்மண்ட் சொன்னான்.

"தள்ளி வச்சிரலாமான்னு கேட்டியே" என்றார் ஃபேன்ஷா மெதுவாக. "கேட்ட விதத்துலயே நான் வேண்டாம்னு சொல்லிட்டேன் பாரு. அபாரம்பா நீ."

"சார், நான் நெசமாவே…"

"சரி சரி. அப்படியே சொல்லிட்டு இரு. காஸ்கின் கெட்டான், விடு. என்னால உன்ன சமாளிக்க முடியாதுன்னா எதிர்க்கட்சியால எப்படி முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தபோது நான் கேக் செய்துவைத்திருந்தேன். தம்பி தலைமைக் குமாஸ்தா ஆகிவிட்டான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் முகம் பல்வலிக்காரன் மாதிரி இருந்தது.

"ஒருத்தர்கூட நம்பல ஐவி. நான் நெசத்தச் சொல்லச் சொல்ல, என்ன சாமர்த்தியம்னு கை தட்டுறாங்க."

"நான் நம்புறேன்டா."

"நீ நம்பி என்ன? உனக்கு ஓட்டு இல்லியே."

"நாற்காலி கெடச்சுதா இல்லியா?" என்றார் ஆல்ஃபி.

"கெடச்சுது."

"அப்ப கேக்கைத் தின்னு."

ஆகஸ்ட் முதல் தேதி, வியாழக்கிழமை, டெஸ்மண்ட் பன்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் வேலையாக மிஸ் கெட்டில்பிக்கு ஸ்வான்சியில் ஒரு சாதாரணத் திருட்டு வழக்கு. கட்டை அவர் கையில் கொடுத்தான். அவர் நாடாவைப் பார்த்தார், டெஸ்மண்டைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"இதுல என்ன திட்டம் ரால்ஃப்?"

"திட்டம் ஒண்ணும் இல்ல மிஸ். ஒரு ஆளு சைக்கிளத் திருடிட்டான்."

"சரி. கேக்கல." அவர் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஸ்வான்சி ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார்.

பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது. யாரை எங்கே அனுப்பினாலும் போனார்கள். பென்ரித்துக்குப் போனார்கள், பனிக்காலத்தில் கிரிம்ஸ்பிக்குப் போனார்கள். ரால்ஃப் அனுப்பினால் அதில் ஏதோ இருக்கும் என்றார்கள். அதில் கேஸ்தான் இருந்தது.